பொழுது சாய்ந்தால் லாடம்

உலகத்தில் எத்தனையோ லாடக்காரர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் பொழுது சாய்ந்து, கண் மங்கி, ஆணி எது விரல் எது என்று தெரியாமல் போன பிறகுதான் சுத்தியலைக் கையில் எடுப்பேன் என்று அடம்பிடித்த லாடக்காரர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் கம்பம் வண்டிப்பேட்டையில் இருந்தார். வேறு ஊரிலும் அப்படி ஒருவர் இருந்தார் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன்.

இது யுத்தத்துக்குச் சில வருஷங்கள் முந்திய சங்கதி. குமுளி மலைக்கு அரிசி மூட்டை ஏறுவதும், மலையிலிருந்து ஏலக்காய் இறங்குவதும் அப்போது பெரும்பாலும் மாட்டு வண்டியில்தான். மலைப்பாதைக் கல்லில் மாட்டின் லாடம் சீக்கிரமே தேய்ந்துவிடும். ஆகவே லாடக்காரருக்கு வண்டிக்காரர்களிடையே டாக்டருக்குரிய மரியாதை இருந்தது. டாக்டரைப் போலவே அவரும் யாரையும் உடனே பார்த்ததில்லை. காலையில் மாட்டைப் பிடித்துக்கொண்டு போய் நின்றால் வேப்பங்குச்சியை மென்றபடி "சித்த இரு" என்பார். மத்தியானம் போனால் கயிற்றுக் கட்டிலில் படுத்த வாக்கில், கண்ணைத் திறக்காமலே "சித்த இரு" என்பார். மேற்கே மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கி, வயலுக்கு அந்தப் பக்கத்துத் தென்னந்தோப்பில் கள்ளுக்கடைக்காரன் விளக்கை ஏற்றி மாட்டுகிற அதே நேரத்தில் இவரும் தம்முடைய அரிக்கேன் விளக்கை ஏற்றுவார். அதற்கு மேல்தான் வேலை.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். ஊரில் யாருக்கும் தெரியாது. 'சித்த இரு' லாடக்காரர் என்றால் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். உதட்டுக்கு நடுவே லாட ஆணிகளைக் கவ்விக்கொண்டே பேசுவார். ஒரு ஆணியும் விழாது, ஒரு ஆணியும் உள்ளே போகாது. மனுஷர்களை "ஏலே" என்பார். மாடுகளை "வாங்க, படுங்க, காலை நீட்டுங்க" என்று பன்மையில் அழைப்பார். தாசில்தாரையே "ஏலே" என்று கூப்பிட்டுவிட்டு, அவர் வண்டியில் பூட்டியிருந்த காளையிடம் "சௌக்கியமா இருக்கீகளா?" என்று விசாரித்ததாக ஒரு கதை உண்டு. நடந்திருக்கும்.

நான் அவரிடம் போனது மாட்டுக்காக அல்ல. எனக்கு மாடே கிடையாது. கம்பம் பஜாரில் ஒரு துணிக்கடையில் முழம் போட்டுக்கொண்டிருந்தேன். நான் போனது என் மச்சானுக்காக.

என் அக்கா செல்லம்மாளைக் கூடலூரில் கொடுத்திருந்தோம். மச்சான் சீனிச்சாமிக்குச் சொந்த வண்டி, ஜோடிக் காளை. குடிக்காத நேரத்தில் அவரைப் போல நல்ல மனுஷனைப் பார்க்க முடியாது. குடிக்காத நேரத்தில் அவரைப் பார்ப்பதே முடியாது என்பதுதான் சிரமம்.

ஒரு நாள் காலையில் அக்கா கூடலூரிலிருந்து நடந்தே வந்து எங்கள் வாசலில் நின்றாள். இடுப்பில் கைப்பிள்ளையை வைத்திருப்பது போல எதையோ முந்தானையில் சுற்றி வைத்திருந்தாள். அவிழ்த்தால் அம்மிக்குழவி.

"என்னக்கா இது?" என்றேன்.

"எனக்குக் குடுத்த சீர்ல இதுதான்டா மிச்சம். நகை நட்டு, பாத்திரம் பண்டம் எல்லாம் கள்ளுக்கடைக்குப் போயிருச்சு. இது கனமா இருக்கவும் விட்டுவச்சிருக்காக."

"அம்மி?"

"அம்மியத் தூக்க முடியல. அங்கனயே கெடக்கட்டும். கொழவி இல்லாம எதைய அரைக்கப் போறாக? குடிக்காம, கண்ணு தெளிஞ்சு, இந்த வாசல்ல வந்து நின்னு என்னையக் கூப்பிடட்டும். அன்னைக்குக் கொழவியும் வரும், நானும் வருவேன்."

"அதுவரைக்கும்?"

"தொவையல் இல்லாமத் திங்கட்டும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தேன். குழவியை மடியில் போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். கையில் முழங்கைக்குக் கீழே கன்றிப்போன தடம் ஒன்று இருந்தது. கேட்டதற்குக் கதவு இடித்துவிட்டது என்றாள். ஐந்து விரல் பதிகிற மாதிரி இடிக்கிற கதவை நான் பார்த்ததில்லை. அன்றைக்கு எனக்கு மச்சானைக் கொன்றுவிடலாம் போல இருந்தது. ஆனால் அக்கா கேட்டது அதை அல்ல. அவள் கேட்டது குடிக்காத புருஷனை. அது எந்தக் கடையில் கிடைக்கும் என்று தெரியாமல் நான் அலைய ஆரம்பித்தேன்.

முதலில் குலதெய்வக் கோயிலுக்கு மச்சானைக் கூட்டிப் போனேன். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, "இனிமே தொட மாட்டேன்" என்று சத்தியம் செய்தார். கை கொப்பளித்துவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது. கொப்பளம் ஆறுவதற்குள், அவரைக் குமுளியில் குடித்துக் கிடந்த கோலத்தில் பார்த்ததாக ஏலக்காய் வண்டிக்காரர் ஒருவர் வந்து சொன்னார். திரும்பி வந்தவரை மடக்கினேன்.

"என்ன மச்சான், சூடம் அடிச்சுச் சத்தியம் பண்ணீகளே?"

"பண்ணுனேன் மாப்ளே. யாரு இல்லேன்னா? இன்னைக்கு வரைக்கும் நம்ம சீமையில ஒரு சொட்டுத் தொட்டிருப்பேனா?"

"குமுளியில?"

"குமுளி திருவாங்கூர் ராசாவுக்குப் பாத்தியப்பட்டதுல்ல? நம்ம ஊர்ப் போலீசே சுங்கச் சாவடியத் தாண்டி வந்து புடிக்க முடியாது. சாமி மட்டும் எப்பிடி வரும்?"

எகத்தாளமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே சட்டம் விசாரித்தார். எல்லைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குத்தான் இப்படியெல்லாம் புத்தி போகும்.

பிறகு பஜாரில் கதர்ச் சட்டைக்காரர் ஒருவர் கள்ளின் கொடுமை பற்றிப் பேசுகிறார் என்று கேள்விப்பட்டு மச்சானை இழுத்துப் போய் முன்வரிசையில் உட்கார வைத்தேன். மனுஷர் உருகிவிட்டார். பேசுகிறவரே மிரண்டு போகிற அளவுக்கு ஏங்கி ஏங்கி அழுதார். அழுததில் தொண்டை வறண்டுபோய், கூட்டம் முடிந்ததும் நேரே கள்ளுக்கடைக்குப் போய்விட்டார்.

அவரைத் திரும்ப அழைத்துவரக் கடைக்குப் போன இடத்தில்தான் எனக்கு வழி கிடைத்தது. வழி சொன்னவன் கள்ளுக்கடைக்காரன்.

"கூட்டிட்டுப் போங்க தம்பி, நல்லாக் கூட்டிட்டுப் போங்க. இருக்கிற யாவாரத்தையும் கெடுங்க" என்று என்னிடம் பொரிந்தான். "ஏற்கெனவே அந்த லாடக்காரன் கெடுக்கிறது பத்தாதுன்னு நீங்க வேற."

"லாடக்காரர் என்ன செஞ்சாரு?"

"என்ன செஞ்சானா? நான் வெளக்குப் போடவும் அவனும் வெளக்குப் போடுறான். என் வாடிக்கை ஆளுகளப் பூராம் மாட்டுக் காலைப் புடிச்சிக்கிட்டு உக்கார வச்சிருறான். கணக்கு வாத்தியாரு எப்பேர்ப்பட்ட வாடிக்கை தெரியுமா? செக்கு வச்சிருக்காரே முத்தையா, அவரு எனக்குக் கொலதெய்வம் மாதிரி. இப்ப ரெண்டு பேரும் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கிறதில்ல. மாடு இல்லாத வாத்தியாருக்கு லாடக்காரன்ட்ட என்ன சோலி? கேட்டா, சாயங்காலம் அங்கன லாடத்துக்குப் போறோம்கிறாக."

அவனுடைய வயிற்றெரிச்சல் முழுவதையும் நான் நின்று கேட்டேன். அதைவிட நல்ல சிபாரிசு எனக்கு எங்கே கிடைக்கப் போகிறது?

மறுநாள் சாயங்காலம் மச்சானின் வண்டியிலேயே ஏறி உட்கார்ந்து, பேட்டைக்கு ஓட்டச் சொன்னேன். பேட்டைக்குப் போகிற பாதை கள்ளுக்கடையைத் தாண்டித்தான் போகும். கடை வந்ததும் இரண்டு காளைகளும் யாரையும் கேட்காமல் தோப்புக்குள் திரும்பி, வழக்கமான தென்னையடியில் வழக்கம் போல நின்றுகொண்டன. மச்சான் என்னைப் பார்த்தார்.

"நான் திருப்பல மாப்ளே. வாயில்லாச் சீவன் ஆசப்படுது."

அவர் ஒரு காலை வண்டியிலிருந்து கீழே வைத்துவிட்டார். அப்போது வயலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏலே! ஒன் வலத்துக் காளை நொண்டுதே, கண்ணு தெரியலையா?"

மச்சான் வைத்த காலை எடுத்துவிட்டார். பெண்டாட்டி அழுததைத் தாங்கியவர், சாமியையே சுங்கச் சாவடியில் நிறுத்தியவர், தம்முடைய காளை நொண்டுகிறது என்ற ஒரு சொல்லைத் தாங்கவில்லை. வண்டிக்காரன் புத்தி அது. கையில் எட்டுகிற தூரத்தில் கள்ளு இருக்க, காளைகளை அடித்துத் திருப்பி, "எங்க நொண்டுது, காட்டு" என்று சண்டை போடுவதற்காகப் பேட்டைக்கு ஓட்டினார்.

காளை நொண்டவில்லை. பிற்பாடு ஒரு நாள் லாடக்காரரிடம் இதைக் கேட்டேன். "மாட்டைத் தொட்டுக்கிட்டுத்தான் பொய் சொல்லக்கூடாது. வயக்காட்டுக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டுச் சொல்லலாம்" என்றார்.

பேட்டையில் நான் கண்ட காட்சியை என்றைக்கும் மறக்க மாட்டேன். ஒரு புளியமரத்தடியில் கொம்பில்லாத கிழட்டு மாடு ஒன்று பக்கவாட்டில் படுத்து, நாலு காலையும் நீட்டி, சுகமாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. கறுப்புக் கோட்டும் தலைப்பாகையுமாகக் கணக்கு வாத்தியார் அதன் வாலைப் பிடித்திருந்தார். செக்குக்கார முத்தையா பல்லைக் கடித்துக்கொண்டு அதன் தோளை அழுத்திக்கொண்டிருந்தார். லாடக்காரர் முன்னங்காலைத் தம் தொடையில் வைத்து, குளம்பை அரத்தால் இரண்டு இழுப்பு இழுப்பார், நிறுத்துவார், ஏதாவது பேசுவார், மறுபடி இரண்டு இழுப்பு. அந்த வேகத்தில் போனால் ஒரு குளம்பு முடிய ஒரு அறுவடை ஆகும்.

விஷயம் இதுதான். லாடம் கட்ட மாட்டைச் சாய்த்துப் படுக்கப் போட்டுவிட்டால், பிடித்திருக்கிறவர்கள் விடக்கூடாது. விட்டால் மாடு உதைக்கும். குனிந்திருக்கிற லாடக்காரனுக்குத் தாடை பெயர்ந்துவிடும். ஆகவே கையைப் போட்டவன் முடிகிற வரை எழுந்திருக்க முடியாது. கள்ளுக்கடையில் விளக்கு எரிகிற வரை இங்கே லாடம் முடியாது. அங்கே கடைக்காரன் விளக்கை அணைத்துத் தட்டியைச் சாத்தினான் என்றால் இங்கே, "எந்திரிங்க சாமி, முடிஞ்சது" என்று லாடக்காரர் மாட்டின் முதுகில் தட்டுவார். அவ்வளவுதான் அவருடைய வைத்தியம்.

மலை வண்டிகளின் மாடுகள் வந்தால் நிஜமாகவே லாடம் கட்டுவார். ஆனால் மாட்டுக்கு எப்போதாவதுதான் லாடம் தேயும். மனுஷனுக்குத் தினமும் பொழுது சாய்கிறதே! அதற்காக வைத்திருந்த மாடுதான் அந்த 'மொட்டை'. முன்னங்கால் ஊனம். எந்த வண்டியையும் இழுக்காது. விளக்கை ஏற்றியதும் தானாகவே வந்து, பெருமூச்சு விட்டுக்கொண்டு சாய்ந்து படுத்துவிடும். அது யாரையும் உதைத்ததே கிடையாது. உதைக்கும் என்று எல்லோரும் உறுதியாக நம்பினார்கள். நம்பாவிட்டால் எழுந்து போக வேண்டி வரும் அல்லவா?

மச்சானுடைய காளையை லாடக்காரர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "பின்னங்காலைப் புடி" என்று மொட்டையைக் காட்டினார். என்னைப் பார்த்து, "நீ குடிக்கிறவனா?" என்றார்.

"இல்ல."

"அப்பக் கை நடுங்காது. வெளக்கைப் புடி."

அன்றிலிருந்து நான் விளக்குப் பிடித்தேன். வாத்தியார் முதன்முதலில் வந்தபோது, மாடு வாங்குகிற உத்தேசம் இருப்பதாகவும், அதற்கு முன்னால் லாடம் பற்றித் தெரிந்துகொள்ள வந்ததாகவும் சொன்னாராம். அந்த உத்தேசம் கடைசி வரைக்கும் உத்தேசமாகவே இருந்தது. யாரும் அதைக் குத்திக் காட்டியதில்லை. அங்கே இன்னொரு வழக்கமும் இருந்தது. லாடக்காரர் குளம்பைச் சுரண்டிக்கொண்டே ஒவ்வொருவரையும் பார்த்து, "நேத்து?" என்பார். மாட்டின் மேல் கை இருக்கும்போது பொய் சொன்னால் அந்த மாடு விளங்காது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஆகவே உண்மைதான் வரும். அவர் திட்டவும் மாட்டார், பாராட்டவும் மாட்டார்.

மச்சான் அங்கே போக ஆரம்பித்துச் சில நாள் ஒழுங்காக இருந்தார். பிறகு மலைக்குப் போய்விட்டு வந்தார்.

"நேத்து?" என்றார் லாடக்காரர்.

மச்சான் மொட்டையின் பின்னங்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டே, "குடிச்சிட்டேண்ணே. குமுளியில" என்றார்.

"சரி. காலை நல்லாப் புடி."

அவ்வளவுதான். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு, இவர் நாலு வார்த்தை கேட்பார், மச்சான் கூசிப்போவார் என்று காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. எனக்குக் கோபம்கூட வந்தது. வீட்டில் ஒருத்தி குழவியை வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்திருக்கிறாள், இவர் அரத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாரே என்று. கடைசியில் எழுந்திருக்கும்போது மட்டும், "மலையில இருந்தா என்ன? பொழுது சாஞ்சா அங்கனயே ஒன் காளை காலைப் புடிச்சிட்டு உக்காரு" என்றார்.

மச்சான் அதை அப்படியே செய்தார். அடுத்த தடவை குமுளியில் பொழுது சாய்ந்ததும் வண்டியை அவிழ்த்துவிட்டு, வலத்துக் காளையின் முன்னங்காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். திருவிதாங்கூர்ச் சுங்கச் சேவகர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. குளம்புக்குள் புகையிலை கடத்துகிறான் என்று முடிவு கட்டி, ஆள் திரட்டிக்கொண்டு வந்து காளையைச் சாய்த்தார்கள். ஒருவன் தலையைப் பிடிக்க, ஒருவன் வாலைப் பிடிக்க, அதிகாரி ஒருவர் விளக்கைப் பிடிக்க, நாலு குளம்பையும் ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். "எந்தாடா இதினகத்து?" என்று, அதாவது இதற்குள்ளே என்னடா என்று, கேட்டுக் கேட்டு அவர்கள் ஓய்ந்தபோது குமுளிக் கள்ளுக்கடையைச் சாத்திவிட்டார்கள்.

"ராசா செலவுல லாடம் நடந்துச்சு மாப்ளே" என்று மச்சான் வந்து சொன்னபோது வாத்தியார் சிரித்த சிரிப்பில் மொட்டையின் வாலை விட்டுவிட்டார். லாடக்காரர் வாயிலிருந்து ஆணி விழுந்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். இதை வீட்டில் சொன்னேன். அக்காவும் சிரித்தாள். சிரித்துவிட்டு, "வாசலுக்கு வந்தாகளா?" என்றாள். வரவில்லை. வருவதற்கு அவருக்கு முகம் இல்லை. "இன்னும் சித்த நாள் போகட்டும் மாப்ளே" என்பார்.

அந்த ஐப்பசியில் விடாத மழை. ஒரு நாள் மத்தியானம் மொட்டை செத்துப்போயிற்று. மஞ்சள் தண்ணீர் தெளித்து, வேப்பிலை போட்டு, லாடக்காரரே குழி வெட்டிப் புளியமரத்துக்குப் பின்னால் புதைத்தார். யாரையும் மண்வெட்டியைத் தொட விடவில்லை.

சாயங்காலம் வழக்கம் போல எல்லோரும் வந்தோம். எதைப் பிடிப்பது என்று தெரியாமல் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றோம். வாத்தியார் கோட்டுப் பையில் கையை விட்டார், எடுத்தார், மறுபடி விட்டார். மச்சான்தான், "என் காளையப் படுக்கப் போடுறேண்ணே" என்றார். லாடக்காரர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. தோப்பில் கடை விளக்கு ஏறியது. அவர் தம்முடைய விளக்கை ஏற்றவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டார். வயல் வரப்பில் இறங்கினார். கள்ளுக்கடையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

அவர் குடிக்கிறவராக இருந்திருப்பார் என்றே நாங்கள் நினைத்ததில்லை. டாக்டருக்கும் காய்ச்சல் வரும் என்று யார் நினைக்கிறார்கள்? மச்சான் ஒருவர்தான் ஓடினார். வரப்புச் சேற்றில் குப்புற விழுந்து அவருடைய காலைக் கட்டிக்கொண்டார்.

"அண்ணே, சித்த இருங்க!"

"விடுலே."

"சித்த இருங்கண்ணே!"

லாடக்காரர் உதைத்தார். மொட்டை இத்தனை வருஷமும் உதைக்காத உதை அது. மச்சானுக்கு உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அவர் விடவில்லை. பிறகுதான் எங்களுக்குப் புத்தி வந்தது. வாத்தியார் கோட்டோடு சேற்றில் இறங்கி மற்றொரு காலைப் பிடித்தார். முத்தையா தோளை அழுத்தினார். நான் அவர் ஏற்றாமல் விட்ட விளக்கை ஏற்றிக்கொண்டு ஓடிவந்து பிடித்தேன். உதறினார், ஏசினார், எங்கள் அப்பன் பாட்டனையெல்லாம் இழுத்தார். கடைசியில் ஓய்ந்து, சேற்றில் மல்லாந்து கிடந்தபடி அழுதார்.

"பிள்ளைக்கு மேலு கொதிக்குது, சித்த இருங்க, வைத்தியரு வந்துரட்டும்னா எம் பொண்டாட்டி. ஒரு மொந்தையில திரும்பிருறேன்னு போனேன். அது ஒரு மொந்தையோட நிக்குமாலே? வந்து பாக்கேன், வாசல்ல ஆளுக நிக்காக." மூச்சு வாங்கினார். "அவ ஒரு சொல்லுச் சொல்லல. அண்ணன்மாரோட மலையேறிப் போயிட்டா. நான் மேக்கொண்டு குடிச்சேன். அந்த வெறியிலதான் மொட்டை காலுல ஆணிய உள்ள எறக்கிப்புட்டேன். அடிமாட்டுக்கு ஓட்டப் பாத்தாக. என் காளையக் குடுத்து இதை மாத்திக்கிட்டேன். பொழுது சாஞ்சா இது காலைப் புடிச்சிக்கிட்டு உக்காந்தேன். அப்புறம் நீங்க ஒவ்வொருத்தரா வந்தீக."

மழை தூறியது.

"நீங்க மாட்டையா புடிச்சீக?" என்றார். "என்னையத்தாம்லே புடிச்சிட்டு இருந்தீக."

அவருடைய 'சித்த இரு' அவருடையது அல்ல என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒருத்தி சொல்லி, அவர் கேட்காமல் போன சொல். அதைத்தான் அவர் ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நாங்கள் அதை வைத்து அவருக்குப் பட்டப்பெயர் வைத்திருந்தோம்.

தோப்பில் விளக்கு அணைகிற வரை நாங்கள் கையை எடுக்கவில்லை. அணைந்ததும் அவர் எழுந்து உட்கார்ந்து, சேற்றுக் கையாலேயே மச்சானின் உதட்டைத் துடைத்துவிட்டார்.

"நேத்து?" என்றார்.

"குடிக்கலண்ணே."

"இன்னைக்கு?"

"குடிக்கலண்ணே. நீங்களும் குடிக்கல."

மச்சான் அங்கிருந்து என்னோடு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்று, "செல்லம்மா" என்று கூப்பிட்டார். அக்கா கதவைத் திறந்தாள். தலையிலிருந்து கால் வரை சேறு. கிழிந்த உதடு. நெஞ்செல்லாம் ரத்தம். அவள் எத்தனையோ நாள் பார்த்துச் சலித்த அதே கோலம். அவள் முகம் செத்துவிட்டது. நான் குறுக்கே விழுந்து விளக்கம் சொல்லப் போனேன். அக்கா என்னைக் கையால் விலக்கிவிட்டு அவர் பக்கத்தில் வந்தாள்.

"ஊதுங்க."

மச்சான் ஊதினார்.

"இன்னொருக்க."

மறுபடி ஊதினார். அவள் உள்ளே போய்க் குழவியை எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்தாள். சேறாக இருந்த அந்த மனுஷரின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அவள் அழுதபோது, நான் குழவியை வாங்கிப் பிடித்துக்கொண்டேன். எனக்கு எப்போதும் எதையாவது பிடிக்கிற வேலைதான்.

அதற்குப் பிறகு மச்சான் வழுக்கவே இல்லை என்று எழுதினால், இதைப் படித்துவிட்டு அக்கா சிரிப்பாள். குழவி மறுபடியும் ஒரு தடவை கம்பம் வரை வந்து போயிற்று. ஆனால் அப்போது மச்சானே பின்னாலேயே நடந்து வந்து, பாதி வழியில் அதை வாங்கிச் சுமந்தார். பேட்டையில் மொட்டைக்குப் பதில் வேறொரு கிழட்டு மாடு வந்தது. வழக்கத்தில் ஒரே ஒரு மாற்றம். லாடக்காரர் எல்லோரையும் "நேத்து?" என்று கேட்டு முடித்த பிறகு, வாத்தியார் வாலைப் பிடித்தபடியே தொண்டையைக் கனைத்து, "நேத்து?" என்று அவரைக் கேட்பார். ஆணிக்கு நடுவிலிருந்து பதில் வரும். பல வருஷம் ஒரே பதில்தான் வந்தது.

யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு மலைக் காய்ச்சலில் லாடக்காரர் போய்ச் சேர்ந்தார். மலைக்கு ஆள் அனுப்பினோம். அண்ணன்மாரோடு போன அவர் மனைவியைப் பற்றி யாருக்கும் தகவல் தெரியவில்லை. அவள் வந்துவிட மாட்டாளா என்று காத்திருந்ததில் பொழுது சாய்ந்துவிட்டது. நாங்களே தூக்கிக்கொண்டு போனோம். ஆற்றங்கரை இடுகாடு. அங்கிருந்து பார்த்தால் தென்னந்தோப்பும் கடை விளக்கும் தெரியும்.

"எறக்குங்கப்பா, இருட்டிருச்சு" என்று குழி வெட்டியவர் அவசரப்படுத்தினார்.

காலைப் பிடித்திருந்தவர் மச்சான். அவர் அசையவில்லை.

"சித்த இருங்க" என்றார்.

"இன்னும் எதுக்கு? யாரு வரணும்?"

"யாரும் வர வேண்டாம்" என்றார் வாத்தியார். "கடை இன்னும் சாத்தல."

குழி வெட்டியவர் எங்களைப் பைத்தியக்காரர்கள் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும். முத்தையா தோளைப் பிடித்திருந்தார். வாத்தியார் இடுப்புப் பக்கம். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை நோவுகிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. வெகுநேரம் கழித்துத் தோப்பில் விளக்கு அணைந்தது. அதற்குப் பிறகுதான் அவரை இறக்கினோம்.

அன்றைக்கும் அவர் குடிக்கவில்லை.